பணம் இருந்தும் விசா நிற்பது ஏன்? வெளிநாட்டுப் படிப்புக்கான நிதிச் சான்று, தேதி வாரியாக

கடலூர், நெய்வேலி, பண்ருட்டி, புதுச்சேரி வட்டாரத்தில் செப்டம்பர் மாதச் சேர்க்கை நெருங்கும்போதெல்லாம் ஒரே குழப்பம் திரும்ப வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் நிலம் உண்டு, நகை உண்டு, அப்பாவுக்கு என்.எல்.சி.யில் பி.எஃப். சேர்ந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் கேட்ட தொகைக்கு இரண்டு மடங்கு வரும். அப்படியிருந்தும் விசா மறுக்கப்படுகிறது, காரணம் நிதி.

விசா அதிகாரி குடும்பத்தின் வசதியை அளப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தொகை, ஏற்கத்தக்க ஒருவர் பெயரில், உடனே எடுக்கக்கூடிய வடிவில், சொன்ன தேதியில் இருந்ததா என்பதை மட்டுமே பார்க்கிறார். ஆகவே வெளிநாட்டுப் படிப்புச் செலவை ஒரு மொத்தத் தொகையாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. எந்தப் பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தினால் பாதிச் சிக்கல் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

## நிதிச் சான்று என்றால் என்ன?

படிக்கும் காலத்தில் கட்டணத்துக்கும் சாப்பாடு, வாடகைக்கும் பணம் இருக்கிறது என்று விசா விண்ணப்பத்தோடு காட்டும் ஆதாரம்தான் நிதிச் சான்று. எந்த நாடானாலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும்.

1. எவ்வளவு?
2. யார் பெயரில்?
3. எந்த வடிவில்? சேமிப்புக் கணக்கா, வைப்பு நிதியா, கடனா?
4. எத்தனை நாள், எந்தத் தேதி வரை?

முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். மறுப்புகள் பெரும்பாலும் மற்ற மூன்றில் பிறக்கின்றன.

## பிரிட்டன்: 28 நாள் கணக்கு

2025 நவம்பர் 11 முதல், வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டும் லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டும் காட்ட வேண்டும். அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. அதாவது லண்டனில் 13,761, வெளியே 10,539 பவுண்டு. இதோடு முதலாண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கியும் சேரும்.

ஓர் உதாரணம். லண்டனுக்கு வெளியே ஒரு முதுநிலைப் படிப்பு, கட்டணம் 16,000 பவுண்டு, அதில் 4,000 கட்டியாகிவிட்டது. பாக்கி 12,000 + 10,539 = 22,539 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்றால் ஏறத்தாழ 25.92 லட்சம். அதே பவுண்டு 118 ஆனால் 26.6 லட்சம். மூன்று ரூபாய் ஏற்றத்தில் 67 ஆயிரம் ரூபாய் குறைவு வந்துவிடுகிறது. விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். சரியாக 25.92 லட்சத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. குறைந்தது ஐந்து சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும்.

இனி நாள் கணக்கு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அதில் ஒரே ஒரு நாள் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதிக்கும் விண்ணப்பக் கட்டணம் கட்டும் தேதிக்கும் இடையே 31 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு மிகச் சாதாரணமானது. 28 நாளில் இருபதாம் நாள், விமான டிக்கெட்டுக்கோ விடுதி முன்பணத்துக்கோ அதே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். சான்றுக் கணக்கில் ஏ.டி.எம். அட்டையையோ தானாகக் கழியும் இ.எம்.ஐ.யையோ வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

யார் பெயரில் என்பதிலும் பிரிட்டன் கறார். மாணவர், அம்மா, அப்பா அல்லது சட்டப்பூர்வக் காப்பாளர் கணக்கு செல்லும். பெற்றோர் கணக்கானால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் சேர்க்க வேண்டும். சித்தப்பா, மாமா, அண்ணன் கணக்கு செல்லாது. சிங்கப்பூர் மாமா உதவுவதாக இருந்தால் பணம் பெற்றோர் கணக்குக்கு வந்து, அதன் பிறகு 28 நாள் ஓட வேண்டும். பி.எஃப்., பங்குகள், ஓவர்டிராஃப்ட் எதுவும் ஏற்கப்படாது, உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் அவை அல்ல என்பதே காரணம். வைப்பு நிதி செல்லும், ஆனால் முதிர்வுக்கு முன்பே எடுக்க முடியும் என்று வங்கி எழுதித் தந்தால் பாதுகாப்பு.

இவை போக, நிதிச் சான்றில் சேராத செலவு ஒன்று இருக்கிறது. மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணமாக மாணவர் ஆண்டுக்கு 776 பவுண்டு கட்ட வேண்டும். ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விசா கொஞ்சம் கூடுதல் காலத்துக்குத் தருவதால் இது பெரும்பாலும் 1,164 பவுண்டாகிறது. விண்ணப்பத்தின்போதே ஒரே தவணையில் கட்ட வேண்டிய இந்தத் தொகையைச் சான்றுக் கணக்கிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

## ஜெர்மனி: பிளாக்டு அக்கவுண்ட்

ஜெர்மனியில் நாள் எண்ணும் வேலை இல்லை. பணத்தையே அங்கே கொண்டுபோய்ப் பூட்டிவைக்கச் சொல்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. மாணவர் பெயரில் பிளாக்டு அக்கவுண்ட் திறந்து முழுத்தொகையையும் போட்டால் சான்று கிடைக்கும். ஜெர்மனி போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ மட்டும் வெளியே வரும். வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் இதற்கு ஈடாகாது. கடன் பணம் உண்மையில் உள்ளே போய்ச் சேர வேண்டும்.

இங்கே இடறுவது இடைவழி வங்கிகளின் கழிவில். நம்மூர் வங்கியிலிருந்து அனுப்பும் பணம் நடுவே ஒன்றிரண்டு வெளிநாட்டு வங்கிகளைத் தாண்டிப் போகிறது. அவை ஆளுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டால் 11,904 அனுப்பியது 11,880 ஆகச் சேரும், சான்று நிற்கும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிக்க வேண்டும், கூடவே ஐம்பது நூறு யூரோ அதிகமாக அனுப்பலாம்.

2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். மதிப்பெண் பட்டியல், பட்டம் உண்மையா என்று சரிபார்க்கும் இதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். இது வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

## பிரான்ஸ்: ஒரே தெரு, இரண்டு கட்டணம்

புதுச்சேரியில் பிரான்ஸ் பற்றி எல்லாருக்கும் ஏதோ ஒன்று தெரியும். அதனாலேயே தவறான தகவலும் அதிகம்.

புதுச்சேரியை இந்தியாவுக்குக் கைமாற்ற இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது ஆறு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்கலாம். அவர்களுக்கு விசாவும் வேண்டாம், நிதிச் சான்றும் வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் 2025-26 கல்வியாண்டுக் கட்டணம் இளநிலைக்கு 178, முதுநிலைக்கு 254 யூரோ. அடுத்த வீட்டில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மாணவருக்கு இதே வகுப்பில் இளநிலைக்கு 2,895, முதுநிலைக்கு 3,941 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கான இந்த உயர்ந்த கட்டணம் 2019-இல் வந்தது. "எங்க பெரியப்பா பையன் வெறும் 254 யூரோதானே கட்டினான்" என்ற கணக்கை நம்பி இறங்குவதற்கு முன் அந்தப் பையனின் கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கட்டணக் குறைப்புத் தருகின்றன. ஆனால் அது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. சேர்க்கைக் கடிதத்தில் எழுதியிருந்தால் மட்டும் நம்பலாம்.

நிதிச் சான்றாக மாதம் குறைந்தது 615 யூரோ, ஆண்டுக்கு 7,380 யூரோ காட்ட வேண்டும். இங்கே உறவினர் உதவி செல்லும். பிரான்ஸில் இருக்கும் அத்தையோ மாமாவோ பொறுப்பேற்புக் கடிதம், அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் கொடுக்கலாம். தங்க இடம் தருவதாகவும் எழுதிக் கொடுக்கலாம். பிரிட்டனில் செல்லாதது இங்கே செல்கிறது. 28 நாள் விதியும் இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று கணக்கில் ஏறிய பத்து லட்சம் சந்தேகத்தைக் கிளப்பும். மூன்று மாத ஸ்டேட்மென்ட் முழுவதும் ஓரளவு சீராக இருப்பது நல்லது.

615 என்பது விசாவுக்கான அடிமட்டக் கோடு. பாரிஸில் ஒரு சிறிய அறை வாடகையே இதை விழுங்கிவிடும். லில், கிளெர்மோன் ஃபெரான் போன்ற ஊர்களில் சமாளிக்கலாம். பகுதிநேர வேலை ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை செய்யலாம், ஆனால் இனிமேல் சம்பாதிக்கப் போவதை நிதிச் சான்றில் காட்ட முடியாது.

கனடா 2025 செப்டம்பர் 1 முதல் கட்டணம் நீங்கலாக 22,895 கனடா டாலர் கேட்கிறது. ஆஸ்திரேலியா 2024 மே முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர். தொகைகள் மாறினாலும் மேலே சொன்ன நான்கு கேள்விகள் அங்கேயும் பொருந்தும்.

## நம் வீட்டுப் பணம் எந்த வடிவில் இருக்கிறது?

இந்த வட்டாரக் குடும்பங்களில் சேமிப்பு வங்கிக் கணக்கில் கிடப்பது குறைவு. முந்திரி, பலா வியாபாரத்தில் சுழலும் ரொக்கம், நகை, சீட்டு, நிலம், பி.எஃப். என்று பிரிந்திருக்கும். ஒவ்வொன்றும் பணமாக மாற எடுக்கும் காலம் வேறு.

1. நகை. ஒரே நாளில் பணமாகும். நகைக்கடன் தொகை வங்கிக் கணக்குக்கே வருவதால் எங்கிருந்து வந்தது என்று காட்டுவதும் எளிது. நகை மதிப்பீட்டுச் சான்றை மட்டும் இணைத்து அனுப்பினால் பிரிட்டனோ ஜெர்மனியோ அதைப் பணமாகக் கொள்ளாது.

2. நிலம். பட்டா, வில்லங்கச் சான்று, ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்று எல்லாம் வங்கிக் கடன் வாங்க உதவும். அமெரிக்க விசா நேர்காணலில் பின்னணிக்கு ஓரளவு பயன்படும். பிரிட்டன் விண்ணப்பத்தில் அவற்றின் மதிப்பு பூஜ்யம். விற்பதானால் வாங்குபவர் கிடைத்து, பத்திரம் பதிந்து, பணம் கணக்கில் ஏற எத்தனை மாதம் ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. மே மாதம் விற்கத் தொடங்கிவிட்டு செப்டம்பர் சேர்க்கையை நம்புவது வீண்.

3. சீட்டு. பதிவு பெற்ற சீட்டானால் எடுத்த தொகைக்குக் காகிதம் இருக்கும். தெருச் சீட்டில் கையில் வரும் ரொக்கத்தை மொத்தமாக வங்கியில் கட்டினால், வருமான வரிக் கணக்கோடு பொருந்தாத தொகையாக அது நிற்கும்.

4. பி.எஃப். பிள்ளைகளின் மேற்படிப்புக்காக ஒரு பகுதியை எடுக்க வழி உண்டு. கையில் வந்து கணக்கில் ஏறிய பிறகே அது சான்று.

5. கைமாற்று. "28 நாள் கணக்கில் போட்டுக் காட்டுகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்" என்று சொல்லும் இடைத்தரகர்கள் உண்டு. சிலர் போலி ஸ்டேட்மென்ட்டே தயாரித்துத் தருவார்கள். வங்கியிடம் நேரடியாகச் சரிபார்க்கும் அதிகாரம் விசா அலுவலகத்துக்கு உண்டு. போலி ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டனில் பத்தாண்டுத் தடை வரலாம். தரகருக்கு ஒன்றும் ஆகாது. தடை மாணவரின் கடவுச்சீட்டோடு போகும்.

## கல்விக் கடன்: அனுமதி வேறு, பட்டுவாடா வேறு

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பானால் செலவில் 15 சதவீதம் குடும்பத்தின் பங்கு. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

காலம் பிடிப்பது அடமானச் சொத்தைச் சரிபார்ப்பதில். வங்கியின் வழக்கறிஞர் மூலப் பத்திரத்திலிருந்து பார்ப்பார். கூட்டுப் பட்டா, அங்கீகாரம் இல்லாத மனை, கோயில் நிலம், பாகப் பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து என்றால் கடன் அங்கேயே நின்றுவிடும். புதுச்சேரியில் பழைய பத்திரங்கள் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கும் நாள் ஆகும்.

அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனுக்குக் கடன் கடிதம் செல்லும், 28 நாள் விதியும் அதற்கில்லை. ஆனால் கடிதம் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக, தொகை தெளிவாக, மாணவர் பெயரில் இருக்க வேண்டும். "சொத்து ஆவணங்கள் சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று ஒரு நிபந்தனை தொங்கிக்கொண்டிருந்தால் அது முழுமையான அனுமதி ஆகாது. விசா கிடைத்தால்தான் பணம் தருவோம் என்ற நிபந்தனை மட்டும் இருக்கலாம். ஜெர்மனிக்குப் போகிறவர், விசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுண்ட்டுக்குப் பணம் விடுவிக்க வங்கி சம்மதிக்கிறதா என்று முதல் நாளே கேட்க வேண்டும். சில கிளைகள் விசா முத்திரை பார்த்துத்தான் விடுவிப்போம் என்பார்கள். அங்கே விசாவோ பணம் பார்த்துத்தான் வரும்.

## பணம் அனுப்பும்போது பிடிக்கும் வரி

2025 ஏப்ரல் 1 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கி முன்வரி பிடிக்கும். 2025-26 நிதியாண்டில் கல்விக்குச் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பினால், தாண்டிய தொகைக்கு 5 சதவீதம். 14 லட்சம் அனுப்பினால் 4 லட்சத்துக்கு 20,000 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போனால் இந்தப் பிடித்தம் இல்லை.

இரண்டு இடத்தில் கைசுடும். ஒன்று, நகைக்கடனும் வீட்டு அடமானக் கடனும் கல்விக் கடன் அல்ல. அவற்றில் வாங்கி அனுப்பினால் சொந்தப் பணம் என்றே கணக்கு. இரண்டு, வங்கிப் படிவத்தில் நோக்கத்தைத் தவறாகக் குறித்தால் கல்விக்கான விகிதம் போய், பிற செலவுகளுக்கான 20 சதவீதம் வரும். கல்விக்கான நோக்கக் குறியீடு எஸ்0305. "உறவினர் பராமரிப்பு" என்று அவசரத்தில் டிக் அடிக்க விடாதீர்கள்.

பிடித்த வரி தொலைந்துபோவதில்லை. அனுப்பியவரின் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழியும் அல்லது திரும்ப வரும். ஆனாலும் சில மாதம் கையில் இருக்காது. வசதிப்பட்டால் ஒரு பகுதியை மார்ச் 31-க்கு முன்பும் மீதியை ஏப்ரல் 1-க்குப் பிறகும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டின் 10 லட்ச வரம்பும் கிடைக்கும்.

## இன்ஷியல் என்னும் சிறு முள்

பணம் சரி, நாள் சரி, பெயர் பொருந்தவில்லை என்றும் மறுப்பு வரும். அப்பாவின் வங்கிக் கணக்கில் "கே. செல்வம்", பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் "செல்வம்", கடவுச்சீட்டில் "செல்வம் கந்தசாமி". இங்கே யாருக்கும் குழப்பமில்லை. லண்டனில் கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று பேர். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு முறைப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் ஆங்கில முறையில் வேறு ஒன்று. சான்றுக் கணக்கின் பெயரையாவது கடவுச்சீட்டுப்படி வங்கியில் மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு ஸ்டேட்மென்ட் எடுக்கலாம். முடியாவிட்டால் இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறாமல் இருப்பதும் இங்கே சகஜம். கடைசி மாதத்தில் இதைக் கண்டுபிடித்தால் தாங்காது.

## இறங்கிய முதல் மூன்று மாதம்

சான்றாகக் காட்டிய பணமும் இறங்கிய அன்று கையில் இருக்கும் பணமும் ஒன்றல்ல. ஜெர்மனியில் இது நன்றாகவே உறைக்கும். பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதப் பணம் வர உள்ளூர் நடப்புக் கணக்கு வேண்டும். முகவரிப் பதிவு, வீடு ஏறிய இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் ஒப்பமிட்ட படிவம் தேவை. தற்காலிக விடுதிகளில் இதைத் தர மறுப்பது உண்டு. வீட்டு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே 1,500 முதல் 2,000 யூரோ வரை, பூட்டிய பணத்துக்கு வெளியே, அட்டையிலோ ரொக்கமாகவோ தனியாக வேண்டும்.

பிரான்ஸில் வரிசை வேறு. வந்த மூன்று மாதத்துக்குள் நீண்டகால விசாவை இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் விசா ஒட்டிய கடவுச்சீட்டு இருந்தும் சட்டப்பூர்வத் தங்கல் முறிந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் திரும்பப் போக முடியாமல் சிக்குவது இப்படித்தான். சேர்க்கைக்கு முன் மாணவர் வாழ்வுக்கான கட்டாயக் கட்டணம், 2025-26-இல் 105 யூரோ, கட்டிய ரசீது வேண்டும். வாடகைக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாதவர்கள் விசாலே என்ற இலவச ஜாமீனை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கிடைக்காது.

## மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவக் கட்டணம் திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது. அதிகாரி கணக்கைத் தவறாகப் பார்த்திருந்தால் நிர்வாக மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் உண்மையிலேயே 26 நாள்தான் பணம் இருந்தது என்றால் மறுபரிசீலனையால் பயனில்லை, ஏனெனில் விட்டுப்போன புது ஆவணங்களை அதில் சேர்க்க இடமில்லை. அப்போது பல்கலைக்கழகத்திடம் வகுப்பில் சேரக் கடைசித் தேதி எது என்று அன்றே எழுதிக் கேட்டு, புதிய 28 நாளும் முடிவு வர ஏறத்தாழ மூன்று வாரமும் அதற்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும். அடங்கினால் புதிய விண்ணப்பம். அடங்காவிட்டால் ஜனவரிச் சேர்க்கைக்கு இடத்தை மாற்றித் தரக் கேட்டு, கட்டிய முன்பணம் அதற்கு ஏற்றுக்கொள்ளப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.